ஈறில் ரத்தம் வருகிறதா? வீட்டுக் கண்ணாடியில் தொடங்கி பல் மருத்துவரின் நாற்காலி வரை

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் கைக்குட்டையில் எதையோ மடித்து எடுத்து வந்தார். பிரித்தால், கடலைப்பருப்பில் பாதி அளவில் பழுப்பாக ஒரு கெட்டித் துண்டு. ஒரு பக்கம் வழவழவென்று வளைந்திருந்தது, மறுபக்கம் சொரசொரப்பு. "முறுக்கு கடிச்சேன் டாக்டர், பல்லு உடைஞ்சு விழுந்துருச்சு" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ் முன்பற்கள் ஒன்றுகூட உடையவில்லை. விழுந்தது காரை, பல்லில் கல்லாக இறுகிய படிவு. அந்த வழவழப்பான பக்கத்தில் பல்லின் பின்புற வளைவு அச்செடுத்தாற்போல் பதிந்திருந்தது.

"வலி இருந்துச்சா ஐயா?"

"ஒரு நாளும் இல்ல. பல்லு விளக்குறப்ப கொஞ்சம் ரத்தம் வரும். அது எல்லாருக்கும் வர்றதுதானே?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கையைக் கழுவும்போது தினமும் விரல் நுனியில் ரத்தம் வந்தால் யாராவது சும்மா இருப்போமா? வாயில் வந்தால் மட்டும் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறோம். சொத்தைப்பல் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைக்கும். ஈறு நோய் அப்படிச் செய்யாது. பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. அதனால்தான் பல் ஆடத் தொடங்கியபிறகு வருகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன

காலையில் பல் துலக்குமுன் நகத்தால் பல்லின் அடிப்பகுதியைச் சுரண்டினால் வெண்மையாக, மாவு போல் ஒட்டும். பலரும் அதைச் சாப்பாட்டு மிச்சம் என்று நினைக்கிறார்கள். அது கிருமிகள் கூட்டாகக் கட்டிய படலம். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்ட இடத்தில், எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் படிந்து சில நாட்களில் கல்லாக இறுகத் தொடங்கும். அதுதான் காரை. எச்சில் சுரப்பிகள் திறக்கும் இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும் மேல் கடவாய்ப்பற்களின் கன்னப்பக்கத்திலும், அது முதலில் சேரும்.

1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. இந்த முதல் கட்டத்துக்கு ஜின்ஜிவைடிஸ் என்று பெயர். ஈறு மட்டும் வீங்கியிருக்கும், எலும்பு பத்திரமாக இருக்கும், முழுதாகக் குணமாகும்.

அடுத்த கட்டம் பெரியோடான்டைடிஸ். வீக்கம் ஈறைத் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்புக்கு இறங்கிவிடும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான பை (பாக்கெட்) உண்டாகும். உங்கள் பிரஷ் அதற்குள் எட்டாது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. இங்கே சிகிச்சையின் குறி, இருப்பதைக் காப்பாற்றுவது.

"எங்க தாத்தா செங்கல் பொடியிலதான் தேய்ச்சார், எண்பது வயசுல கரும்பு கடிச்சார்" என்று யாராவது சொல்வார்கள். பொய்யில்லை. அதே லோ குழுவினர் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை பின்தொடர்ந்தார்கள். பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் எட்டாத மக்கள். எல்லோர் பல்லிலும் காரை, எல்லோர் ஈறிலும் வீக்கம். ஆனால் சுமார் 8 சதவீதம் பேருக்கு எலும்பு வேகமாகக் கரைந்தது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக. மீதி 11 சதவீதம் பேருக்கு வீக்கத்தைத் தாண்டி நோய் முன்னேறவே இல்லை. உங்கள் தாத்தா அந்த 11-இல் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்களும் அதில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள எந்த உத்தரவாதமும் கிடையாது.

படி 1: வீட்டிலேயே பார்ப்பது

இரவு, பல் துலக்குமுன், கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உதட்டை விரலால் இழுத்துப் பிடியுங்கள்.

நிறத்தை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். பாடப்புத்தகத்தில் ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பு என்று இருக்கும். நம்மில் பலருக்கு ஈறு பிறவியிலேயே பழுப்பாகவோ கறுப்புத் திட்டுகளோடோ இருக்கும். அது தோலின் நிறம் போன்றதுதான், நோய் கிடையாது. பார்க்க வேண்டியது ஓரத்தை. பல்லும் ஈறும் சேரும் விளிம்பு மெல்லியதாக, பல்லோடு ஒட்டினாற்போல் இருந்தால் நல்லது. உருண்டு, தடித்து, பளபளவென்று சிவந்திருந்தால் வீக்கம்.

இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு முக்கோணமாக நிரப்பியிருக்க வேண்டும். அங்கே கறுப்பாகச் சந்து தெரிகிறதா? முன்பு இல்லாத இடைவெளி விழுந்திருக்கிறதா? பழைய கல்யாணப் போட்டோவை எடுத்து வைத்துச் சிரிப்பை ஒப்பிட்டுப் பாருங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பல் நீளமாகத் தெரிந்தால் பல் வளரவில்லை, ஈறு இறங்கியிருக்கிறது.

அடுத்து, சுண்டுவிரல் நுனியால் ஈறை வேர்ப்பக்கமிருந்து பல் பக்கமாக அழுத்தி நகர்த்துங்கள். விளிம்பில் மஞ்சளாக எட்டிப் பார்த்தால் சீழ். பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூலையோ சிறு இடுக்கு பிரஷ்ஷையோ விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். உங்கள் வாய் நாற்றம் உங்களுக்குத் தெரியாது, அந்த நூல் சொல்லிவிடும்.

ரத்தம்தான் முக்கியமான அடையாளம். ஆனால் சிகரெட், பீடி பிடிப்பவர்களிடம் இது ஏமாற்றும். புகை ஈறின் ரத்தக்குழாய்களைப் பாதிப்பதால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் ஈறு வெளுத்து, இறுகி, ரத்தம் கசியாமல் இருக்கும். புகைப்பதை நிறுத்திய சில வாரங்களில் ரத்தம் வர ஆரம்பித்து, "விட்டதாலதான் வந்துச்சு" என்று மறுபடி பிடித்தவர்கள் உண்டு.

படி 2: எதற்குக் காத்திருக்கக் கூடாது

ஈறு வீங்கிக் கன்னம் வரை பரவி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு முட்டினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

பரீட்சை நேரத்து மாணவர்கள், தூக்கமில்லாமல் சிகரெட்டிலும் டீயிலும் ஓடுகிறவர்கள் சிலருக்குத் திடீரென்று ஈறின் முக்கோண நுனிகள் அரித்தாற்போல் புண்ணாகி, சாம்பல் படலம் படிந்து, கடுமையாக வலிக்கும். வாய் நாற்றம் அறைக்கே தெரியும். வலிக்கும் ஈறு நோய் என்றால் இதுதான். சீக்கிரம் வந்தால் சீக்கிரம் ஆறும்.

பல்லில் காரையே இல்லாமல் ஈறு முழுக்க வீங்கி, கூடவே சோர்வு, காரணமில்லாத காய்ச்சல், தோலில் கன்றிப்போன திட்டுகள் என்றிருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தப் புற்றுநோய் சில சமயம் ஈறில்தான் முதலில் முகம் காட்டும். புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் வாயில் இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் அதை ஈறு நோய் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

மருந்தாலும் ஈறு வளரும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைப் பல்லின் மேலேயே ஏற வைத்துவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். "மாசமா இருக்கா, பல்லுல கை வைக்கக் கூடாது" என்று மாமியார்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சுத்தம் செய்யலாம். நடு மூன்று மாதங்கள் உட்காரவும் படுக்கவும் வசதியான காலம்.

படி 3: மருத்துவரிடம் என்ன கேட்பது

ப்ரோப் என்று ஒரு கருவி உண்டு. மெல்லிய கம்பி, நுனி மழுங்கியது, மில்லிமீட்டர் கோடு போட்டது. அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி ஆழம் பார்ப்பார்கள். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடம். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை சரி. 4 என்றால் கவனம். 6, 7 என்று உதவியாளர் எழுதிக்கொண்டே போவது காதில் விழுந்தால் எலும்பு கணிசமாகப் போயிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் உயரம் தெரியும்.

இந்த அளவெடுப்பு இல்லாமலேயே "ஒரு க்ளீனிங் பண்ணிடலாம்" என்று சொன்னால், "பாக்கெட் எவ்வளவு ஆழம் இருக்கு டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் வாய், உங்கள் கணக்கு.

இப்போது உலகம் முழுக்க 2018-இல் வெளியான வகைப்பாட்டைப் பின்பற்றுகிறோம். எவ்வளவு சேதம் என்பதற்கு 1 முதல் 4 வரை நிலை, எவ்வளவு வேகம் என்பதற்கு ஏ, பி, சி. தினமும் 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தாலும், சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 7 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், நேராக அதிவேகமான 'சி'தான்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் இரண்டு பக்கமும் பிடி இருக்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறில் வீக்கம் நீடித்தால் சர்க்கரை அடங்காது. ஈறுக்கு முறையான சிகிச்சை செய்தால் எச்பிஏ1சி சராசரியாக 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி வரை குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடுதலாக ஒரு மாத்திரை தரும் பலனுக்குப் பக்கத்தில் வரும் அளவு அது. நாற்பது வயதுக்குள் பல பற்களில் ஆழமான பை, திரும்பத் திரும்ப ஈறில் சீழ்க்கட்டி என்று வருகிறவர்களை நான் முதலில் சர்க்கரை பார்த்துவரச் சொல்வேன். தனக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, இதய வால்வு மாற்றியிருந்தாலோ நாற்காலியில் உட்காருமுன்பே சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வராதீர்கள், சீட்டைக் கொண்டுவாருங்கள்.

படி 4: சுத்தம் செய்தால் பல் ஆடிவிடுமா?

ஒரு நாளைக்கு இரண்டு பேராவது இதைக் கேட்பார்கள். ஆடாது. ஏற்கெனவே எலும்பு போய் ஆடவேண்டிய பற்களைக் காரை சிமென்ட் பூசினாற்போல் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றியதும் அந்தப் பற்கள் பெரும்பாலும் கொஞ்சம் இறுகவே செய்யும். அந்தப் பெரியவர் நாக்கால் துழாவித் துழாவி, "காத்து போகுது டாக்டர், அடைச்சு விட்டுருங்க" என்றார். வருடக்கணக்கில் அங்கே சுவர் இருந்தது, இப்போது இல்லை.

முதல் கட்டத்துக்கு ஸ்கேலிங் போதும். அதிரும் கருவி நுனியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே காரையை உடைக்கும். அது பல்லின் மேல்பூச்சைத் தேய்ப்பதில்லை.

பை ஆழமாக இருந்தால் ஈறுக்கு அடியில், வேரின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்புக் காரையை எடுக்க வேண்டும். இதைத்தான் டீப் க்ளீனிங் என்கிறோம். மரத்துப்போக ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இரண்டு முதல் நான்கு முறை வரச் சொல்வார்கள். கருவியோடு க்யூரெட் என்ற கைக்கருவியும் வேண்டும். வேர் வழவழப்பானது விரலுக்குத் தெரியும்வரை இழுப்போம். இது கண்ணால் செய்யும் வேலை இல்லை, தொட்டுப் பார்த்துச் செய்வது. பதினைந்து நிமிடத்தில் முழு வாய்க்கும் டீப் க்ளீனிங் முடிந்துவிட்டது என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

அதற்குப் பிறகு சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். ஈறு வற்றுவதால் சந்து பெரிதாகத் தெரியும். கூச்சத்துக்கான பேஸ்ட்டைப் போடுங்கள், குறைந்துவிடும்.

மெடிக்கல் ஷாப்பில் "ஈறு வீக்கம்" என்று சொல்லி நாலு அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கிப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீக்கம் இரண்டு நாளில் வற்றும், உள்ளே காரை அப்படியே இருக்கும், மூன்று மாதத்தில் திரும்ப வரும். படலமாகக் கட்டியிருக்கும் கிருமியை மாத்திரை முழுதாக அழிக்காது, உடைத்து எடுத்தால்தான் உண்டு. ஆன்டிபயாடிக் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. ஆனால் அது சுத்தம் செய்வதோடு சேர்த்துத்தான்.

படி 5: உங்கள் பங்கு

நான் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அன்று மாலையே படலம் மறுபடி படியத் தொடங்கும். மீதி வேலை உங்களுடையது.

மென்மையான பிரஷ் போதும். நம் ஊரில் "ஹார்டு" கேட்டு வாங்குகிறவர்கள் அதிகம், பாத்திரம் தேய்க்கிற நினைப்பில். பிரஷ்ஷைக் குறுக்கே ரம்பம் போல் இழுக்காதீர்கள். தூரிகையை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல், இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அதிரவிட்டு, பிறகு பல் நுனிப்பக்கம் உருட்டி எடுங்கள். இரண்டு மூன்று பல், அடுத்து இரண்டு மூன்று பல். கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்குப் பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடிக்க வேண்டும். எல்லோரும் விட்டுவிடும் இடம் அது, அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள். காலை, இரவு என இரண்டு வேளை, இரண்டிரண்டு நிமிடம். ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள்.

ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. ரத்தம் வருவது பிரஷ் குத்தியதால் அல்ல, அங்கே படலம் தங்கியதால். அந்த இடத்தில்தான் இன்னும் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். முதல் வாரம் ரத்தம் வரும். இரண்டாவது வாரத்தில் குறையும்.

பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இடுக்குக்குள் போகாது. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. சந்து விழுந்தவர்களுக்கு இடுக்கு பிரஷ் வேண்டும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி போல் இருக்கும், அளவுக்கு ஒரு நிறம். சும்மா நுழைந்து வெளிவந்தால் அளவு சின்னது, கம்பி உரசினால் பெரியது. லேசாகப் பிடித்துப் போகும் அளவை மருத்துவரிடம் ஒருமுறை பார்த்து வாங்குங்கள். சில சமயம் ஒரே வாய்க்கு இரண்டு அளவு தேவைப்படும். இரவில் ஒருதரம், ஒவ்வொரு சந்திலும் இரண்டு மூன்று முறை உள்ளே வெளியே. சந்து நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல். ஊக்கு, தீக்குச்சி, தோடு திருகு இவையெல்லாம் வேண்டாம். தோடு திருகையா என்று கேட்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

மவுத்வாஷில் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் வேலை செய்யும். 10 மில்லி, காலையும் இரவும், மருத்துவர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் இரண்டு வாரம். பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு விட்டால் அதன் பலன் குறையும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும்.

வீட்டு வைத்தியங்களில், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் காரையைக் கரைக்காது. ஏற்கெனவே இறுகிய காரையை எதுவும் கரைக்காது. வேப்பங்குச்சி நுனியை நன்றாக மென்று நாராக்கினால் வெளிப்பக்கத்துக்குச் சரி, உட்பக்கமும் இடுக்கும் மிச்சம். கிராம்புத் தைலத்தை நேராக ஈறில் தடவாதீர்கள், வெந்துபோகும். சாம்பல், செங்கல் பொடி, கரகரவென்ற பல்பொடி எல்லாம் பல்லைத்தான் தேய்க்கும்.

படி 6: மறுபடி அளப்பது

டீப் க்ளீனிங் முடிந்து எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் திரும்ப ப்ரோப் வைத்துப் பார்க்க வேண்டும். பல பைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். ஈறு இறுகி, மறுபடி பல்லைப் பற்றிக்கொள்ளும். 6 மில்லிமீட்டருக்கு மேல் இன்னும் ரத்தம் கசியும் பைகள் மிச்சமிருந்தால் ஃப்ளாப் சர்ஜரி: ஈறைத் திறந்து வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போடுவது. மரத்துப்போகும் ஊசியிலேயே முடியும், அன்றே வீட்டுக்குப் போகலாம். எலும்பு கிணறு போல் குழிந்து கரைந்திருந்தால் எலும்புத்தூள் வைத்துப் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் அது பலிக்காது. வீட்டில் சுத்தம் சரியாக இல்லாதவருக்கும், புகைப்பதை விடாதவருக்கும் சர்ஜரி செய்ய நான் அவசரப்படுவதில்லை. காசும் வலியும்தான் மிச்சமாகும்.

மேலும் கீழுமாகக்கூட அசையும் பல்லை எடுத்துவிடுவதே நல்லது. பக்கத்துப் பல்லின் எலும்பாவது தப்பும்.

செலவு யோசித்துத் தள்ளிப்போடுகிறவர்கள் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுக்குப் போகலாம். சென்னை முத்துசாமி சாலையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் ஈறுக்கென்றே தனித்துறை இருக்கிறது. "பெரியோ" என்று கேட்டால் வழி சொல்வார்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த செலவில் செய்கிறார்கள். மாணவர்கள் செய்வார்கள், நேரம் ஆகும், ஆனால் பக்கத்தில் பேராசிரியர் நின்று ஒவ்வொரு வேராகத் தொட்டுப் பார்ப்பார்.

படி 7: மூன்று மாதத்துக்கு ஒருமுறை

ஜின்ஜிவைடிஸ் மட்டும் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருதரம் வந்தால் போதும். எலும்பு வரை போனவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருதரம், அநேகமாக ஆயுள் முழுக்க. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது போலத்தான் இதுவும்.

அந்தப் பெரியவருக்கு நான்கு தடவையில் முடித்தேன். கீழ் முன்பற்களில் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது, மற்றவை நின்றுவிட்டன. அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தால் தொலைத்துவிடுகிறார் என்று, இப்போது அவர் வீட்டுத் தினசரி காலண்டரிலேயே தாளைப் புரட்டிக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். போனமுறை வந்தபோது வீட்டம்மாவையும் கூட்டிவந்தார். "இவளுக்கும் ரத்தம் வருது டாக்டர். எல்லாருக்கும் வர்றதுதானேன்னு சொல்றா" என்றார்.